மீட்கும் நாளில் என்ன விலை?

பேக்கப்புக்கு டிஸ்க் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்பது, "ஒரு டிபி என்ன விலை?" என்பதுதான். கேட்க வேண்டியதில் அது பாதி. சர்வர் படுத்துவிட்ட காலையில் நகலை எடுத்து வேலையைத் திரும்பத் தொடங்க எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என்பது மறுபாதி. இரண்டையும் கூட்டிப் பார்த்தால், மலிவு என்று பெயர் வாங்கிய சில ஏற்பாடுகள் மலிவாக இல்லை.

திருப்பூரில் ஒரு நடுத்தரப் பின்னலாடை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். டேலி கணக்கு, ஏற்றுமதிப் பத்திரங்கள், பையர் அனுப்பிய டிசைன்கள், சாம்பிள் படங்கள் எல்லாம் சேர்ந்து 2 டிபி.

முதலில் கிளவுட். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில், அமெரிக்கப் பகுதி விலைப்பட்டியல்படி ஒரு டிபிக்கு மாதம் சுமார் 1 டாலர். ஆக, நம் நிறுவனத்துக்கு மாத வாடகை 2 டாலர். ஆபீஸ் டீச்செலவுகூட இதைவிட அதிகம். ஆனால் திருப்பிக் கேட்கும்போது கதை மாறுகிறது. கோப்புகள் கைக்கு வரத் தயாராகவே 12 மணி நேரம் வரை ஆகும்; மலிவான மொத்த முறையைத் தேர்ந்தால் 48 மணி வரை. வெளியே இறக்க, முதல் 100 ஜிபிக்குப் பிறகு ஒவ்வொரு ஜிபிக்கும் 9 சென்ட். 2 டிபியையும் இறக்கினால் சுமார் 170 டாலர், அதாவது ஏழு வருட வாடகை ஒரே நாளில். அதன்பின் 100 எம்பிபிஎஸ் இணைப்பில், ஒரு நொடிகூடத் தடங்கல் இல்லாவிட்டாலும், இறக்கி முடிக்க 44 மணி நேரம். ஷிப்மென்ட் தேதி அதுவரை காத்திருக்காது. மொத்தத் தரவுக்கும் ஒரே நகலாக இதை நம்புவதை நான் ஏற்கவில்லை.

அடுத்து, சர்வீஸ்காரர்கள் விரும்பிப் பரிந்துரைக்கும் என்.ஏ.எஸ். என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி. வசதியானது, வேகமானது. அதன் குறை, எப்போதும் நெட்வொர்க்கில் இருப்பதுதான். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கணினிக்குள் வந்தால், எழுதும் அனுமதி உள்ள எல்லா ஃபோல்டருக்கும் போகும். 2022-இல் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர் க்யூநாப் நிறுவனத்தின் என்.ஏ.எஸ். பெட்டிகளையே நேரடியாகத் தாக்கியது. "ரெய்டு போட்டிருக்கிறோம், இரண்டு டிஸ்க்கிலும் இருக்கிறது" என்பார்கள். ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும்; ஊழியர் தவறாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழியும்.

2017-இல் நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனம், நெட்வொர்க்கின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் தன் டொமைன் கன்ட்ரோலர்கள் அனைத்தையும் இழந்தது, கானாவில் இருந்த ஒன்றைத் தவிர. அங்கே அப்போது மின்வெட்டு. இணைப்பு அறுந்து கிடந்ததால்தான் அது தப்பியது. கோடிக்கணக்கில் செலவழித்த நிறுவனத்துக்குத் தற்செயலாக வாய்த்ததைச் சின்ன நிறுவனம் யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கியே பெறலாம்.

அதனால்தான், பார்க்கச் சாதாரணமான எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் என் கணக்கில் முன்னுக்கு வருகிறது. நொடிக்கு 120 எம்பி என்ற மிதமான வேகத்திலேயே 2 டிபியை ஐந்து மணி நேரத்துக்குள் திரும்ப எழுதிவிடும். காலையில் படுத்த சர்வர் மாலையில் எழும். குறைகளும் உண்டு. கீழே விழுந்தால் போச்சு. இப்போதைய 2.5 அங்குல டிஸ்க்குகள் பெரும்பாலும் எஸ்.எம்.ஆர். வகை, பழையதன் மேல் திரும்பத் திரும்ப எழுதும்போது மந்தமாகும், ஆனால் ராத்திரி பேக்கப்புக்கு அது பொருட்டில்லை. வேகத்துக்கு ஆசைப்பட்டு எஸ்.எஸ்.டி. வாங்கிப் பீரோவில் பூட்டுவதுதான் பிழை. ஜெடெக் அமைப்பின் தரவிதி, எழுதி எழுதித் தேய்ந்துபோன சாதாரண எஸ்.எஸ்.டி.யிடம் மின்சாரமின்றி எதிர்பார்ப்பதே 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம்தான். நம் ஊர்ப் பீரோ ஏப்ரலில் 30 டிகிரியில் நிற்காது.

டேப் பற்றி ஒரு வார்த்தை. டிரைவ் விலையே லட்சங்களில். 2 டிபிக்கு அது வீண். அளவு பெருகினால் தீர்ப்பு தலைகீழாகும். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்து, ஊழியர்களின் 858 டிபி கோப்புகள் போயின. கொள்ளளவு பெரிது, அதனால் வெளி நகல் எடுக்கவில்லை என்றார்கள். ஓர் எல்.டி.ஓ.-9 டேப் கார்ட்ரிட்ஜ் 18 டிபி கொள்ளும். 858 டிபிக்கு 48 கார்ட்ரிட்ஜ். ஒரு சிறிய அலமாரிக்குள் அடங்கும். அந்தச் சாக்கு என்னிடம் செல்லாது.

திருப்பூர் நிறுவனத்துக்கு என் தீர்ப்பு: இரண்டு ஹார்ட் டிஸ்க், மாற்றி மாற்றி. சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா முடிந்ததும் ஒன்று முதலாளி வீட்டுக்கு, மற்றது ஆபீசுக்கு. வெளியே போவதால் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு அவசியம். அதன் ரெக்கவரி கீ காகிதத்தில், வேறு இடத்தில்.

கிளவுடை விலக்கவில்லை, சுருக்குகிறேன். டேலியின் டேட்டா ஃபோல்டர் பெரும்பாலும் சில ஜிபிதான். அதை மட்டும் தினமும், இந்தியாவில் உள்ள சர்வருக்கு, உடனே எடுக்கக்கூடிய சாதாரண வகையில் அனுப்ப வேண்டும். கம்பெனியாகப் பதிவானவர்களுக்கு இது சட்டமும்கூட: மின்னணுக் கணக்கின் நகல் தினமும் இந்தியாவிலுள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நகலை வேறொரு லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்து, கடைசி வவுச்சர் எண்ணும் டிரையல் பேலன்ஸும் ஒத்துப்போகின்றனவா என்று அக்கவுண்டன்ட் பார்க்க வேண்டும். அரை நாள்கூட நிற்க முடியாத தொழிலென்றால், இந்த இரண்டு டிஸ்க்குகளை வைத்துக்கொண்டே மேற்கொண்டு ஒரு என்.ஏ.எஸ். வாங்கலாம்; அவற்றுக்குப் பதிலாக அல்ல.