புல் ரிக்வெஸ்ட் கணக்கும் ஆளில்லாத மதகும்

ஒரத்தநாட்டுப் பக்கம் கம்ப்யூட்டர் படிக்கிற பசங்க இப்போ கிளவுட் பற்றியும் ஓப்பன் சோர்ஸ் பற்றியும் நிறைய விசாரிக்கிறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா கடைசியில் வந்து நிற்கிற கேள்வி ஒண்ணுதான்: "அண்ணா, ரெஸ்யூமில் போட எத்தனை புல் ரிக்வெஸ்ட் வேணும்?" இந்தக் கேள்வியை இவங்க தாமா யோசிச்சுக் கேட்கலை. நாமதான் சொல்லிக்கொடுத்தோம்.

டிஜிட்டல் ஓஷன் என்கிற கிளவுட் நிறுவனம் 2014-லிருந்து அக்டோபர் மாதத்தில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நடத்துகிறது. 2020-ல் நாலு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட். அதை எப்படி அனுப்புவது என்று நம்ம நாட்டு யூடியூப் வீடியோ ஒன்று செய்து காட்ட, ரீட்மி கோப்பில் 'அருமையான ப்ராஜெக்ட்' என்று ஒரு வரி ஒட்டி அனுப்பும் கூட்டம் கிளம்பிவிட்டது. உலகம் முழுக்கப் பராமரிப்பாளர்கள் குப்பை பொறுக்கினார்கள். அக்டோபர் முதல் வாரத்திலேயே, சம்மதிக்கிற ப்ராஜெக்ட்டுகள் மட்டும்தான் கணக்கில் வரும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2023-ல் டி-ஷர்ட்டும் போனது. பழக்கம் போகவில்லை. 2024-ல் எக்ஸ்பிரஸ் என்ற ப்ராஜெக்ட்டின் ரீட்மியில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி வரிசையாக வந்தார்கள். அதுவும் ஒரு பாட வீடியோவின் புண்ணியம்.

இதே காலத்தில் இன்னொரு பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். குபர்னெட்டிஸ் கிளஸ்டருக்குள் வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை எந்தச் சேவைக்கு அனுப்புவது என்று பிரித்துவிடும் மென்பொருள் இங்க்ரஸ் என்ஜின்எக்ஸ். கல்லணைக் கால்வாயில் மதகு செய்கிற வேலை. 2025 மார்ச்சில் இதில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது, தீவிரம் பத்துக்கு 9.8. கிளஸ்டரையே கைப்பற்றிவிடலாம். கண்டுபிடித்த விஸ் நிறுவனம், கிளவுட் சூழல்களில் சுமார் 43 சதவீதத்துக்கு ஆபத்து என்றது. அதே நவம்பரில் ப்ராஜெக்ட்டையே மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. 2026 மார்ச்சுக்குப் பிறகு திருத்தம் எதுவும் கிடையாது. காரணம்? பல வருஷமாக ஒருவரோ இருவரோதான், ஆபீஸ் வேலை முடிந்த பிறகும் சனி ஞாயிறிலும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதவிக்கு ஆள் கேட்டார்கள், வரவில்லை.

முதல் வருஷ மாணவன் போய் இதைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. அந்தப் பழி அவன் மேல் இல்லை. நம்ம ஊர் குடிமராமத்தில், எந்த வாய்க்கால் தண்ணீர் யார் வயலுக்குப் பாய்கிறதோ அவர்கள்தான் தூர்வார ஆள் அனுப்ப வேண்டும். இந்த மதகை வைத்துக் காசு பார்த்த பெரிய பண்ணைகள் ஆளும் அனுப்பவில்லை, கூலியும் தரவில்லை. கடைமடைப் பையனை மட்டும் "பங்களிப்பு செய், வேலை கிடைக்கும்" என்று விரட்டுகிறோம்.

அவனுக்குச் செய்ய வேலை இல்லாமலும் இல்லை. குபர்னெட்டிஸில் உறுப்பினராகக் கோடு எழுதியே ஆகணும்னு கட்டாயம் கிடையாது. பிழையைப் பதிவு செய்வது, மற்றவர் மாற்றத்தைப் படித்துக் கருத்துச் சொல்வது எல்லாம் கணக்கில் வரும். ஆனா ஏற்கெனவே அங்கே மதிப்பாய்வு செய்கிற இரண்டு பேர் பரிந்துரைக்க வேண்டும். அதற்கு அவர்களுக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும், அதாவது சில மாதமாவது அங்கேயே கிடக்க வேண்டும்.

இந்தக் 'கிடப்பது' எந்தப் பயிலரங்கிலும் இல்லை. நான் பார்த்த ஒன்றில் இரண்டு நாளும் ஃபோர்க், கமிட், புல் ரிக்வெஸ்ட், சான்றிதழ், குரூப் ஃபோட்டோ. இரண்டாம் நாளில் ஒவ்வொரு லேப்டாப்பிலும் மினிகியூப் போட்டு ஒரு கிளஸ்டர் ஓட்டி, யாரோ எழுதி வைத்த பழைய பிழை ஒன்று இப்போதும் வருதா, எந்தப் பதிப்பிலிருந்து வருதுன்னு பார்த்து எழுதச் சொல்லலாம். பாதிப் பேருக்குப் பிழை வரவே வராது. "எனக்கு வரலை, இந்த அமைப்பில் பார்த்தேன்" என்று எழுதினாலும் பராமரிப்பவருக்கு ஒரு மணி நேரம் மிச்சம்.