தில்லை மரமும் ‘பயனாளி’ என்கிற சொல்லும்

சிதம்பரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். வாசலில் பளபளன்னு ஒரு வெளியீடு கொடுத்தார்கள். ‘மக்கள் பங்கேற்புடன் அலையாத்திக் காடு மீட்பு’ என்று அட்டையில் போட்டிருந்தது. உள்ளே ஒரு படம். இடுப்பளவு சேற்றில் கையில் கன்றோடு நிற்கிற இருளர் பெண். படத்துக்குக் கீழே ‘பயனாளி ஒருவர்’ என்று எழுதியிருந்தது. அச்சிட்ட அமைப்பின் பேர் முக்கியமில்லை. இந்த மாதிரி வெளியீடுகள் எல்லாமே இந்த மொழியில்தான் பேசுகின்றன. கதை, கவிதையை மட்டும்தான் விமர்சிக்கணுமா என்ன? இதுவும் ஒரு பிரதிதான். வாசிப்போம்.

காடு அழிந்ததற்குக் காரணம் ‘மனித நடவடிக்கைகள்’ என்கிறது முதல் பக்கம். எந்த மனிதர்? மாடு மேய்க்கிறவன், விறகு பொறுக்குகிறவன் என்றுதான் பிச்சாவரத்தில் வெகுகாலம் கைகாட்டினார்கள். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தபோது வேறு உண்மை வெளியே வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி, விடுதலைக்குப் பிறகும், கூப்பு போட்டுப் பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையடித்தது அரசாங்கமே. நிழல் போன மண் வெயிலில் காய்ந்து தாழ்ந்து தொட்டி மாதிரி ஆனது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த தண்ணீர் இறங்கும்போது வெளியேறவில்லை. தேங்கின தண்ணீர் ஆவியாக, மண்ணில் உப்பு ஏறியது. அப்புறம் அங்கே எந்த விதையும் முளைக்கவில்லை.

அதற்கு வைத்தியம் வாய்க்கால். பெரிய வாய்க்கால் ஒன்று, அதிலிருந்து மீன்முள் மாதிரி கிளை வாய்க்கால்கள். ஓதத் தண்ணீர் வந்து போனது, உப்பு குறைந்தது, கரையில் நட்ட கன்று பிடித்தது. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களின் உழைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. இந்த வேலையை நான் குறைச்சுப் பேசலை. ஏழை தலையில் ஏற்றியிருந்த பழியை இறக்கிவைத்த ஆய்வு அது. என் கோபம், அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால் வந்த இந்த வெளியீட்டின் மேல்தான். தெரிந்த உண்மையை ‘மனித நடவடிக்கைகள்’ என்று மறுபடி மூடுகிறதே, ஏன்? அழிச்சவனுக்குப் பேரில்லை. நட்டவளுக்கும் பேரில்லை.

கூட்டம் முடிந்து கிள்ளைப் பக்கம் போனேன். தண்ணீரில் உட்கார்ந்து வெறுங்கையால் தடவி எறா பிடிக்கிற இருளர் குடும்பங்கள் அங்கே உண்டு. ஒரு அக்காவிடம் படத்தைக் காட்டினேன்.

“எங்க நாத்தனா தம்பி இது. கீழ என்னா எழுதியிருக்கு?”

“பயனாளின்னு போட்டிருக்காங்க அக்கா.”

“அப்படின்னா?”

“அவங்க குடுத்ததை வாங்கிக்கிட்டவங்கன்னு அர்த்தம்.”

“கூலி குடுத்தாங்க, சரி. நட்டது நாங்கதான? தண்ணி ஓடுனா எறா வரும், நின்னா வராது. எங்க தண்ணி நிக்குதுன்னு எங்க கைக்குத் தெரியும். எங்க நடலாம்னு ஒரு வார்த்த கேட்டாங்களா?”

இந்தக் கேள்விக்கு வெளியீட்டில் ஒரு வரி இல்லை.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்ததே ஒரு அலையாத்தி மரம். பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். கோயிலுக்கு அதுதான் தல மரம். கோயிலோடு சேர்ந்த மரம் புனிதம். அது முளைக்கிற சேறும் சேற்றில் நிற்கிறவனும் தீட்டு. நந்தன் தீயில் இறங்கி, பூணூல் போட்ட முனிவராக எழுந்த பிறகுதான் தில்லைக்குள் போக முடிந்தது என்கிறது புராணம். நந்தன் நந்தனாகவே உள்ளே போக வழியில்லை. இருளரும் இருளராக, கடலையும் காட்டையும் அறிந்தவராக, இந்த வெளியீட்டுக்குள் நுழைய முடியவில்லை. ‘பயனாளி’ ஆன பிறகுதான் படம் போடுகிறார்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரை, மரம் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்றது. கடலிலிருந்து தூரமும் நிலத்தின் மேடும்தான் காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த விவாதம் இருக்கட்டும். அதற்கப்புறம் காட்டுக்கு மரியாதை கூடியது. காட்டோரத்து ஆளுக்குக் கூடலை.

பங்கேற்பு என்பது கூப்பிட்டால் வரும் சலுகை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பேசுவது உரிமையை. வழிவழியாகக் காத்துவந்த சமூகக் காட்டைப் பாதுகாக்க, மீட்டெடுக்க, நிர்வகிக்க உரிமை. மீன் முதலானவற்றின் மேலும் உரிமை. பழங்குடி என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டில் வாழ்ந்து, காட்டை நம்பிப் பிழைப்பதைக் காட்டினால் போதும். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, நிரூபிக்கணும். சாதிச் சான்றிதழ் கையில் இல்லாத இருளரிடம் எந்தக் கணக்கைக் கேட்பார்கள்? ஒரு சான்றிதழுக்காக நடக்கிற நடையை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

தோழர்களே, அலையாத்தி நடுகிற இடங்களுக்குப் போங்க. நல்ல காரியம்தான், கன்றும் நடுங்க. ஆனால் மூணு கேள்வியோட போங்க. எங்கே நடுவதென்று முடிவு செய்தது யார்? காடு வளர்ந்த பிறகு அங்கே எறா தடவ யாருக்கு உரிமை? அழிச்சது யாருன்னு பேர் போட்டு எழுதியிருக்கா? பதில் இல்லாத இடத்தில் பங்கேற்பு என்பது கூலி வேலைக்கு இன்னொரு பேர், அவ்வளவுதான்.