இருட்டறையும் சமுதாயப் பார்வையும்

புகைப்படக் கலை பயிற்றுவிப்போருள் ஒரு சாரார், இருட்டறையில் கற்பிக்க வேண்டியது நுட்பம் ஒன்றே என்பர். மாணவன் எதை நோக்கிக் கமெராவைத் திருப்புகிறான் என்பது அவனது சொந்த விஷயம். படம் கழுவும் திரவத்தின் வெப்பநிலையும் ஒளிபடும் நேரமும் பிழையாதிருந்தாற் போதும் என்பது அன்னோர் வாதம். இலக்கியத்தில் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் கூறுபோடும் பழைய வாதமே இங்கு வேறு வேடத்தில் வருகின்றது. இதனை நாம் ஏற்பதற்கில்லை. 1936 முதல் 1951 வரை நியூயோர்க் நகரில் இயங்கிய போட்டோ லீக் என்னும் அமைப்பின் வரலாறு, இவ்வாதத்துக்குத் தக்க மறுப்பாக அமைகின்றது.

பொருளாதார மந்தம் மக்களை வாட்டிய காலத்தில் எழுந்த அமைப்பு அது. உறுப்பினருட் பலர் அமெரிக்காவிற் குடியேறிய யூதத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள். சொந்த இருட்டறை வைத்திருக்க வசதியற்ற இவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் வகுப்பும், பொது இருட்டறையும், படங்களைக் காட்சிக்கு வைக்க ஓரிடமும் அங்கே கிடைத்தன. வகுப்புகளை வழிநடத்திய சிட் குரொஸ்மன் கண்டிப்பான ஆசிரியர். அழகாக அமைந்த படம் என்பது அவருக்குப் போதுமான விடையாகாது. படத்திலுள்ள மனிதருக்கும் படம் எடுத்தவனுக்கும் உள்ள உறவு யாது என்ற வினாவுக்கு மாணவன் முகங்கொடுக்க வேண்டியிருந்தது.

இவ்வினா இருட்டறைக்கு வெளியே நின்றுவிடுவதன்று. சன்னலருகே அமர்ந்த தொழிலாளி ஒருவரின் நெகட்டிவை உருப்பெருக்கியில் இட்டு, மங்கிய செவ்வொளியில் அச்சிடுவதாகக் கொள்வோம். உள்ளவாறே அச்சிட்டால் முகம் கறுத்துவிடும். சன்னல் வெறும் வெண்மையாய் நிற்கும். முகத்தின்மேல் விழும் ஒளியைக் கையாற் சில விநாடி மறைத்தாற் கண்கள் துலங்கும். சன்னலுக்கு மேலும் சில விநாடி ஒளி கொடுத்தால் வெளியேயுள்ள தெரு தோன்றும். முகமா, தெருவா, இரண்டுமா? இரசாயனம் இதற்கு விடை தராது. கறுப்பையும் வெள்ளையையும் கடுமையாகப் பிரித்துக் காட்டும் தாளைத் தெரிந்தால் வறுமை நாடகமாகும். மென்மையான தாளைத் தெரிந்தால் அதே வறுமை இனிய காட்சியாகும். நுட்பத்தைக் கற்பவன் தீர்ப்பு வழங்கவும் கற்கிறான் என்பதே உண்மை.

எனினும் நற்பார்வை கொண்டோர் என்பதற்காக லீக்கினரை விமர்சனத்துக்கு அப்பாற்பட்டோராய்க் கொள்வது முறையன்று. ஆறன் சிஸ்கின்ட் தலைமையிலான குழு 1930களின் பிற்பகுதியில் ஹார்லெம் வாழ்வைப் படம்பிடித்தது. கறுப்பின எழுத்தாளர் மைக்கல் கார்ட்டர் எழுத்துப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்தார். நடனமும் வழிபாடும் அப்படங்களில் இல்லாமலில்லை. ஆயினும் அழுத்தம் விழுந்தது நெருக்கடியான வீடுகளின் மீதும் வறுமையின் மீதுமே. 1940இல் அவற்றுட் சில லுக் சஞ்சிகையில் வெளியானபோது, ஹார்லெம் ஒரு சமூகப் பிரச்சினையாகவே வாசகர்முன் நின்றது. அநீதியை அம்பலப்படுத்த முனைந்த கமெரா, அநீதிக்குள்ளானோரை வெறும் சான்றுப் பொருளாகச் சுருக்கிவிட்டது. ஹார்லெமிற் பிறந்த றோய் டிகரவா 1950களில் அதே தெருக்களைப் படம்பிடித்தார். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் எழுத்தோடு 1955இல் நூலாக வந்த அவர் படங்களில் மக்கள் உண்பதையும், ஆடுவதையும், குழந்தையை அணைப்பதையும் காண்கிறோம். இருண்ட பகுதிகளை அவர் வலிந்து வெளுப்பாக்கவில்லை. கருமைக்குள்ளேயே நுண்ணிய பல சாயல்களைத் துலக்கினார். இருட்டறையில் நிற்பவர் யார் என்பது அச்சின் சாயலிலேயே தெரிகின்றது.

கலைக்கும் அரசியலுக்கும் தொடர்பில்லை என்போர், அமெரிக்க அரசு இதில் எப்பக்கம் நின்றது என்பதை மனங்கொள்ள வேண்டும். 1947 டிசம்பரில் சட்டமா அதிபர் டொம் கிளார்க் வெளியிட்ட பட்டியலில், தேசத்துக்கு விசுவாசமற்ற அமைப்புகளுள் ஒன்றாகப் போட்டோ லீக் இடம்பெற்றது. 1949இல் கம்யூனிஸ்ட் தலைவர்கள் மீதான வழக்கில், எவ். பி. ஐ.யின் உளவாளியாயிருந்த அஞ்சலா கலோமிரிஸ் குரொஸ்மனின் பெயரைச் சாட்சியத்திற் கூறினார். அவரும் லீக்கின் உறுப்பினரே. அச்சம் பரவியது, உறுப்பினர் விலகினர், 1951இல் அமைப்புக் கலைந்தது. ஒளிபடும் நேரத்தை மட்டும் கற்பித்த பள்ளியாயின் எந்த அரசும் அதற்கு அஞ்சியிராது.

இன்று படச்சுருள் அன்றாட வாழ்விலிருந்து பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆயினும் பல நாடுகளில் இளைஞர் மீண்டும் இருட்டறை வகுப்புகளை நாடுகின்றனர். தட்டிலே கிடக்கும் வெள்ளைத் தாளில் உருவம் மெல்ல எழும் வியப்பை நாம் குறைத்து மதிக்கவில்லை. அவசரமின்றி ஒரு முகத்தை நெடுநேரம் நோக்கவும், பிழைத்த அச்சை மீண்டும் மீண்டும் திருத்தவும் பழக்கும் உழைப்பு அது. ஆனால் வெள்ளித் துகளின் அழகை இரசிப்பதோடு அவ்வுழைப்பு நின்றுவிடுமாயின், பழைய பொருள்மீதுள்ள மோகமாகவே அது முடியும்.

ஆகவே இருட்டறை வகுப்பை நடத்தும் ஆசிரியரிடம் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. அச்சுகள் உலர்ந்தபின் அவற்றைச் சுவரில் மாட்டி, மாணவரைக்கொண்டு விவாதிக்கச் செய்யுங்கள். அவ்விவாதத்துக்குப் படத்திலுள்ள மனிதரையும் அழையுங்கள். போட்டோ லீக் தொடங்கிவைத்து, நிறைவேற்றாமல் விட்ட பணி இதுவே.