கல்லூரி வாசலும் ஆய்வக மேசையும்

தருமபுரிப் பக்கம் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் நான் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரண்டாமாண்டு மாணவி ஒருவர், தம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குளிர்பான பாட்டில் ஒன்றில் பிடித்து வந்தார். கடினத்தன்மை பார்க்க வேண்டுமாம். பியூரெட்டில் இடிடிஏ கரைசலை நிரப்பிச் சொட்டுச் சொட்டாக விட்டோம். குடுவையில் இருந்த சிவப்பு நீலமாக மாறியதும் அளவைக் குறித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "சார், ஃபுளோரைடு எவ்வளவு இருக்குன்னு பார்க்க முடியுமா? எங்க தம்பிக்குப் பல்லெல்லாம் பழுப்பாக் கறை புடிச்சிருக்கு" என்றார். அதை அளக்கும் மின்முனை எங்கள் ஆய்வகத்தில் இல்லை. "வெளியே கொடுத்துப் பார்க்கலாம்மா" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்த அளவைத் தாண்டிய கிணறுகள் ஏராளம். அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பெருஞ்செலவு செய்து அரசு தீர்க்க முனைந்த ஒரு பிரச்சினையை, அதே மண்ணில் இருக்கும் அரசுக் கல்லூரியால் அளந்துகூடப் பார்க்க முடியவில்லை. உள்ளூர்க் கல்லூரிகளுக்கு நாம் தரும் பொது உதவியின் பலமும் குறையும் இந்த இடத்திலிருந்து தெளிவாகத் தெரிகின்றன.

முதலில் பலத்தைச் சொல்ல வேண்டும், அது சிறியதல்ல. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்விக்குச் செல்வோர் விகிதம் நாட்டில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை, பேருந்துப் பயண அட்டை, விடுதிகள், கல்வி உதவித்தொகைகள் என்று பல பத்தாண்டுகளாகப் படிப்படியாகக் கட்டியதன் பலன் இது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் அதை ஆண்களுக்கும் கொண்டுவந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்கள் முதலில் விடுபட்டிருந்தார்கள்; பிறகு அவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

இந்த ஆயிரம் ரூபாயை இலவசம் என்று இளப்பமாகப் பேசுகிறவர்கள், அது ஒரு வீட்டில் என்ன செய்கிறது என்பதைப் பார்த்ததில்லை. தேர்வுக் கட்டணத்துக்கும் நோட்டுக்கும் ஃபோன் ரீசார்ஜுக்கும் அப்பாவிடம் கையேந்த வேண்டாம். பணம் மாணவியின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. நடுவில் யாருடைய தயவும் வேண்டாம். "படிச்சது போதும்" என்ற பேச்சு வீட்டில் எழும்போது, எதிர்த்துச் சொல்ல அவளுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. அரசுப் பணத்தில் இதைவிட நேர்த்தியாகச் செலவாகும் தொகை குறைவு.

குறை கல்லூரிக்குள் தொடங்குகிறது. மாணவரை வாசல்வரை கொண்டுவந்து சேர்த்த கை, ஆய்வக மேசைவரை நீளவில்லை. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்களே நடத்துகிறார்கள். அவர்களில் பலர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய்வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் சொன்னது. இங்கே அவர்கள் 20,000 ரூபாய்க்கும் அதன்பின் 25,000 ரூபாய்க்கும் வேலை பார்த்தார்கள். 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது, தேர்வு தள்ளிப்போனது. அடுத்த ஆண்டு இதே கல்லூரியில் இருப்போமா என்றே தெரியாதவர், மூன்றாண்டு நீளும் ஓர் ஆய்வை எந்த நம்பிக்கையில் தொடங்குவார்?

ஆய்வுக்கென்று பணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்டுகளுக்குச் சில ஆயிரம் ரூபாய் தருகிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் கல்லூரித் திட்டம், 2008 முதல் இளநிலை அறிவியல் ஆய்வகங்களை மேம்படுத்தப் பணம் தருகிறது. நல்ல திட்டங்கள்தான். ஆனால் இவை விண்ணப்பித்துப் போட்டியிட்டு வாங்க வேண்டியவை. பக்கம் பக்கமாக விண்ணப்பம் எழுதவும், பயன்பாட்டுச் சான்று அனுப்பவும், தணிக்கைக்குப் பதில் சொல்லவும் ஆளுள்ள கல்லூரி வாங்கிவிடும். ஒரே நிரந்தர ஆசிரியரை வைத்துக்கொண்டு துறையை ஓட்டுகிற சிற்றூர்க் கல்லூரி விண்ணப்பிக்கவே முன்வராது. இல்லாதவரைத் தேடிப் போக வேண்டிய உதவி, ஏற்கெனவே இருப்பவரிடம் போய்ச் சேர்கிறது.

எல்லாக் கல்லூரியும் ஆய்வு செய்ய வேண்டுமா, பாடத்தை ஒழுங்காக நடத்தினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆய்வை எல்லோர் தலையிலும் கட்டாயமாக ஏற்றியதன் விளைவை நாம் கண்டிருக்கிறோம். பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை வேண்டும் என்றதும், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் போலி இதழ்கள் பெருகின. அதைத் தடுக்க மானியக் குழு 2018-இல் நம்பகமான இதழ்களுக்கான கேர் பட்டியலைக் கொண்டுவந்தது; 2025-இல் அதையும் கைவிட்டது. எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் வரும். ஆனால் அந்த மாணவி ஆய்விதழில் கட்டுரை போடுவதற்காகத் தண்ணீர் கொண்டுவரவில்லை. தம் ஊரைப் பற்றிய ஒரு கேள்வியோடு வந்தார். அத்தகைய கேள்வியைத் தேடிப் பெரிய நிறுவனம் அந்த ஊருக்கு வருவது அரிது. உள்ளூர்க் கல்லூரியிலோ அது தினமும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

ஓர் உதவியை எடைபோட, அது எவ்வளவு தருகிறது என்பதோடு, பதிலுக்கு எதைக் கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜனுக்கு ஓர் உதவித்தொகை இருந்தது. எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி வேண்டும் என்றது அது. கணக்கிலேயே மூழ்கியிருந்தவர் மற்றப் பாடங்களில் தவறினார், தொகை பறிபோனது. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செய்த வேலையைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. மனிதர் அவரேதான். ஆனால் முதல் உதவி மதிப்பெண்ணைக் கேட்டு அவரை வெளியேற்றியது. இரண்டாவது உதவி வேலையைக் கேட்டு அவரை வளர்த்தது.

நம் திட்டங்களும் இரண்டாவது வழிக்கு வர வேண்டும். மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கல்லூரியில் பொதுக் கருவிக்கூடம் அமைத்து, சுற்றியுள்ள எல்லாக் கல்லூரி மாணவர்களும் முறைவைத்துப் பயன்படுத்த விடலாம். மூன்றாமாண்டு ப்ராஜெக்டுக்கு, போட்டி வைக்காமல், ஒவ்வொரு துறைக்கும் ஒரு சிறு தொகையை ஜூன் மாதமே கொடுத்துவிடலாம். காலாண்டு அறிக்கையைத் தவிர வேறெதுவும் கேட்க வேண்டாம். ஊர்க் கிணறு, ஏரி, பயிர், நோய், வழக்காறு என்று உள்ளூர்ப் பொருள்களுக்கு அதில் முதலிடம் கொடுக்கலாம். இவை அனைத்துக்கும் முன்பாக, காலியிடங்களை நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். ஆளில்லாத ஆய்வகத்தில் கருவி வாங்கி வைத்தால் அது உறையோடுதான் கிடக்கும்.

மாதம் 1,000 ரூபாய் கொடுத்து அந்தப் பெண்ணைக் கல்லூரிக்கு அழைத்தது சரி. அழைத்துவிட்டோம், வந்தும்விட்டாள். இனி அவள் கொண்டுவரும் தண்ணீரை அளந்து சொல்ல வேண்டியது நம் கடமை.