அரியலூர்ப் பாறைகளும் ஆய்வேடுகளின் கணக்கும்

ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் அரியலூர் என்று ஆங்கிலத்தில் தட்டித் தேடினால் வரும் பட்டியலில் ஹென்றி பிளான்ஃபோர்டு இருக்கமாட்டார். இந்த வட்டாரத்தின் கிரெட்டேசியஸ் காலப் பாறைகளை முறையாக அளந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பகுத்தவர் அவர். 1862-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வெளியிட்ட அவருடைய நூலின் சட்டகத்தில்தான் இன்றைய ஆய்வாளர்களும் வேலை செய்கிறார்கள். ஒரு துறையின் அடித்தளமே அத்துறையைக் கணக்கெடுக்கும் கருவிக்குத் தெரியவில்லை என்பதை நாம் கவலையோடு பார்க்க வேண்டும்.

அந்தக் கருவி நூலளவியல். எந்த ஆண்டில் எந்தப் பொருளில் எத்தனை கட்டுரைகள் வந்தன, யாரை யார் மேற்கோள் காட்டினார்கள், எந்தத் திறவுச்சொற்கள் சேர்ந்து வருகின்றன என்று எண்ணி, அதிலிருந்து ஆய்வின் போக்கைக் கணிப்பது இதன் வேலை. 1917-இல் கோல், ஈல்ஸ் என்னும் இருவர் மூன்று நூற்றாண்டு உடற்கூற்றியல் நூல்களை எண்ணி வரைபடமாக்கினார்கள். நூலகங்களின் வேலைக்கும் இப்படியொரு அளவியல் வேண்டும் என்று 1948-இல் இங்கிலாந்தில் வாதிட்டவர், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கார்ஃபீல்டு உருவாக்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964-இல் வந்தபின் இது தனித் துறையாக வளர்ந்தது. இரண்டு கட்டுரைகளைப் பிற்காலத்தவர் சேர்த்தே மேற்கோள் காட்டினால் அவை ஒரே சிந்தனைக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்ற கருத்தை 1973-இல் ஹென்றி ஸ்மால் முன்வைத்தார். இன்று விஓஎஸ்வியூவர் போன்ற மென்பொருள்கள் வண்ண வண்ணமாக வரைந்து காட்டும் வலைப்படங்களுக்கு இந்த இணைமேற்கோள் முறை ஒரு முக்கிய அடிப்படை.

அரியலூர், பெரம்பலூர்ப் பாறைகளுக்கு இம்முறையைப் பொருத்தினால் கேள்விகள் மாறிய வரிசை ஓரளவு தெளிவாகவே புலப்படும். முதலில் பெயரிடும் காலம். கே, கன்லிஃப் ஆகியோர் திரட்டிய புதைபடிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் லண்டனில் விவரித்தார். பிளான்ஃபோர்டுக்குப் பின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1873 வரை தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிரினங்களைத் தொகுதி தொகுதியாக விவரித்து, மறு ஆண்டே லடாக் மலைப்பாதையில் இறந்தார். வியன்னாவில் ஃபிரான்ஸ் கோஸ்மாட் 1895 முதல் ஜெர்மன் மொழியில் அந்த வேலையைத் தொடர்ந்தார். சுதந்திரத்துக்குப் பின் கேள்வி மாறுகிறது. எந்த அடுக்கில் எந்த அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரி) கிடைக்கிறது, அதைக் கொண்டு ஐரோப்பிய அடுக்குகளோடு எப்படிக் கால ஒப்பீடு செய்வது என்பதே பேச்சு. காவிரிப் படுகையில் எண்ணெய் தேடத் தொடங்கியதும் கண்ணுக்குத் தெரியாத ஃபொராமினிஃபெரா ஓடுகள் முன்வரிசைக்கு வந்தன. துளையிட்டு எடுக்கும் சிறு மண்ணிலும் அவை கிடைக்கும், முழு அம்மோனைட் கிடைக்காது. 1990-களின் இறுதியில் வேதியியல் நுழைகிறது. கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லின் அருமண் தனிமங்களைப் பற்றி மாதவராஜும் ராமசாமியும் 1999-இல் எழுதிய கட்டுரையை, அரியலூரைப் பார்த்தே இராத வெளிநாட்டுப் புவிவேதியியலாளர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கல்லைத்தான் சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கின்றன. ஆய்வுக்கு வேண்டிய புதிய வெட்டுமுகங்களைத் திறந்துவிடுவதும் அந்தச் சுரங்கங்களே; படிவங்களை அழிப்பதும் அவைதான்.

இப்படி எண்ணுவதற்குப் பெயர்க் குழப்பம் முதல் தடை. பழைய ஏடுகளில் இந்த இடம் டிரிச்சினாப்பொலி. எண்ணெய்க்காரர்களுக்குக் காவிரிப் படுகை. பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் பிரிந்தது, அரியலூர் 2007-இல் நிலைபெற்றது. அரியலூர், ஊட்டத்தூர் என்ற பெயர்களுக்கே ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டல்கள். இவை எல்லாவற்றையும் சேர்த்துத் தேடாத ஆய்வில், துறை அண்மையில்தான் பிறந்தது என்ற பொய்யான வளர்ச்சிக் கோடு கிடைக்கும். இப்படி வரையப்பட்ட கோட்டை நம்பி நிதியும் ஆய்வுத் தலைப்பும் தீர்மானிக்கப்பட்டால் நட்டம் நமக்குத்தான்.

இதைவிட ஆழமான சிக்கல் வகைப்பாட்டியலில் இருக்கிறது. கோஸ்மாட்டிசெரஸ் தியோபால்டியானம் என்ற அம்மோனைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பேரினப் பெயரில் கோஸ்மாட் இருக்கிறார். சிற்றினப் பெயரில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தியோபால்டு இருக்கிறார். சிற்றினத்துக்குப் பெயரிட்ட ஸ்டோலிச்கா, அப்பெயரை அடுத்து வரும் அடைப்புக்குறிக்குள் நிற்கிறார். திருச்சிராப்பள்ளிக் குழுமத்தின் ஓர் அடுக்கையே இந்த உயிரியின் பெயரால் அழைக்கிறோம். ஆனாலும் அந்த அடைப்புக்குறியைப் பெரும்பாலான இதழ்கள் மேற்கோளாக எண்ணுவதில்லை. கட்டுரையின் இறுதிப் பட்டியலில் ஸ்டோலிச்காவின் 1865-ஆம் ஆண்டு நூல் பெரும்பாலும் இடம்பெறாது. லெவெசிசெரஸ் அனபாடென்ஸ் என்ற இன்னொன்று, ஆனைப்பாடி என்ற சிற்றூரின் பெயரையே உலக அறிவியலில் சுமக்கிறது. ஒவ்வொரு நாளும் பயன்படும் உழைப்பு கணக்கேட்டில் பூஜ்யமாக நிற்கிறது. ஓராண்டில் வாங்கிய மேற்கோளைக் கொண்டு ஆய்வாளரை மதிப்பிடும் நம் பல்கலைக்கழகங்களில் புதைபடிவ வகைப்பாட்டைப் படிக்க இளைஞர்கள் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

எண்ணிக்கை கூடுவதும் எப்போதும் ஏற்பைக் குறிப்பதில்லை. இந்த வட்டாரத்தின் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் டைனோசர் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1987-இல் பிரஹத்காயோசரஸ் மேட்லியி என்று பெயரிட்டு விவரித்தார்கள். இதே வட்டாரத்து டைனோசர்களைப் பற்றி 1929-இல் எழுதிய சார்லஸ் மேட்லியின் நினைவாக வந்த பெயர் அது. முதலில் ஊனுண்ணி என்றார்கள். பின்னர் நெடுங்கழுத்துத் தாவர உண்ணி என்ற கருத்து வலுத்தது. எலும்புகள் காலப்போக்கில் பொடிந்து போயின. 2022-இல் பால் என்பவரும் அய்யாசாமியும் பழைய களப் புகைப்படங்களை வெளியிட்டார்கள். மறு ஆண்டு வேறு இருவர் அதன் எடையை 110 முதல் 170 டன் வரை மதிப்பிட்டதும் உலகமே பேசியது. நீண்ட காலம் கவனிக்கப்படாமல் இருந்து திடீரென மேற்கோள் பெறும் கட்டுரையை நூலளவியலார் உறங்கும் அழகி என்பார்கள். 1987-ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த இலக்கணத்துக்குப் பொருந்தலாம். ஆனால் அதை மேற்கோள் காட்டும் பலரும் காட்டுவது ஐயத்தோடு. கணினி அந்த ஐயத்தை எண்ணாது. அதே கல்லமேட்டிலிருந்து 2013-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ட்ரூடோன்டிட் கட்டுரை, வட கண்டங்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட அந்த டைனோசர் குடும்பத்தை இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. ஆதாரம் ஒரே ஒரு பல்; அதையும் கணினி எண்ணாது.

ஆகவே இந்த வட்டாரத்துக்கு ஒரு நேர்மையான நூலளவியல் வேண்டுமென்றால் தரவுத்தளத்திலிருந்து தொடங்கக்கூடாது. லா டூஷ் 1917-இல் தொகுத்த இந்தியப் புவியியல் நூற்பட்டியல் கையில் இருக்கிறது. அதை எண்ணியலாக்கி, புவியியல் ஆய்வுத் துறையின் பதிவேடுகளையும், இந்தியப் புவியியல் கழகத்தின் இதழையும், சென்னை, திருச்சி, சேலம் பல்கலைக்கழகங்களில் அலமாரியில் கிடக்கும் பழைய முனைவர் பட்ட ஆய்வேடுகளையும் சேர்க்க வேண்டும். சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் புதிய ஆய்வேடுகள் கிடைக்கின்றன. 1970-களில் தட்டச்சிட்டுக் கட்டப்பட்டவை பெரும்பாலும் நூலகத்திலேயே நிற்கின்றன. அடைப்புக்குறிக்குள் வரும் பெயர்களையும் தனியே எண்ணலாம். அதற்கு வகைப்பாட்டியல் தெரிந்த ஒருவர் நூலகருடன் சில மாதம் உட்கார்ந்தால் போதும். வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகமோ சாத்தனூர் கல்மரப் பூங்காவோ இந்தப் பட்டியலைப் பொறுப்பேற்று வைத்திருக்க ஏற்ற இடங்கள்.