‘சின்ஸ்’ பார்த்தால் ‘ஹேவ்’ போடு: இந்தப் பெட்டி போதுமா?

ஆங்கிலப் பயிற்றியில் பிரசண்ட் பெர்ஃபெக்ட் பாடத்தைத் திறந்தால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு பெட்டி. உள்ளே ஜஸ்ட், ஆல்ரெடி, யெட், எவர், நெவர், சின்ஸ், ஃபார். இவற்றில் ஒன்றைப் பார்த்தால் ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ போட வேண்டும், பிறகு வினையின் மூன்றாம் வடிவம். நாமும் அதைத்தான் வெண்பலகையில் எழுதிப் போடுகிறோம். கோடிட்ட இடத்தை நிரப்ப இது உதவும். எஸ்.பி.எம். எழுத்துத் தாளில் நண்பனுக்கு மின்னஞ்சல் எழுத உட்காரும்போதுதான் சிக்கல். அங்கே பெட்டியும் இல்லை, கோடும் இல்லை.

‘ஐ ஹேவ் மெட் ஹிம் எஸ்டர்டே’ என்று மாணவர் எழுதுகிறார். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் வட்டம் போடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘மாமா நேத்து வந்திருக்காரு, எனக்குத் தெரியாமப் போச்சு’ என்பது தமிழில் நல்ல வாக்கியம். நம்முடைய ‘வந்திருக்கிறார்’ நேற்றையும் தாங்கும், போன வருஷத்தையும் தாங்கும். ஆங்கிலத்தின் ‘ஹேஸ் கம்’ தாங்காது. அது பேசுகிற இந்த நேரத்தோடு ஒட்டியது, நேற்று முடிந்துபோனது. பிள்ளை தமிழில் யோசித்துச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், மொழிதான் வேறு. இதைப் பெட்டி சொல்வதே இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ‘பத்து வருஷமா இங்கதான் இருக்கேன்’ என்பதில் தமிழ் நிகழ்காலத்தைப் போடுகிறது. அதனால் ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ வருகிறது. இதில் தவறு இரண்டு. வினை ‘ஹேவ் லிவ்டு’ ஆக வேண்டும், ‘சின்ஸ்’ ‘ஃபார்’ ஆக வேண்டும். இரண்டாவதைத் தமிழை வைத்தே புரியவைக்கலாம். ‘பத்து வருஷமா’, ‘ரெண்டு நாளா’ என்று கால அளவைச் சொன்னால் ஃபார். ‘2015-லிருந்து’, ‘காலையிலிருந்து’ என்று தொடங்கிய இடத்தைச் சொன்னால் சின்ஸ். நான் பார்த்தவரை இதை ஒரு முறை சொன்னாலே பிடித்துக்கொள்கிறார்கள்.

பெட்டி அதிகம் கெடுத்திருப்பது ‘சின்ஸ்’ஸைத்தான். ‘ஐ ஹேவ் லிவ்டு ஹியர் சின்ஸ் ஐ வாஸ் பார்ன்’ என்பது சரி. பெட்டியை மனப்பாடம் செய்தவர் ‘சின்ஸ் ஐ ஹேவ் பீன் பார்ன்’ என்று எழுதுவார். பிறந்தது முடிந்த சம்பவம், வாழ்வதுதான் தொடர்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ‘சின்ஸ்’ஸுக்குக் காரணப் பொருளும் உண்டு என்பதை வேறு தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘ஜஸ்ட்’ கதையும் இப்படித்தான். மலாயின் ‘தாடி’ (முகத்தில் வளர்வது அல்ல) நம் ஊர்ப் பேச்சில் ‘ஜஸ்ட் நவ்’ ஆகிவிட்டது. காலையில் நடந்ததைச் சாயங்காலம் சொல்லவும் அதுதான். பெட்டியில் ‘ஜஸ்ட்’ இருக்கிறதே என்று ‘ஐ ஹேவ் சீன் ஹிம் ஜஸ்ட் நவ்’ என்கிறார்கள். ‘ஐ ஹேவ் ஜஸ்ட் சீன் ஹிம்’ அல்லது ‘ஐ சா ஹிம் ஜஸ்ட் நவ்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

அமெரிக்கப் படம் பார்க்கும் பிள்ளை ‘டிட் யூ ஈட் யெட்?’ என்று கேட்டால் அடித்துத் திருத்த வேண்டாம். அங்கே அது சாதாரணம். தேர்வில் ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ என்று எழுதுவதே பாதுகாப்பு என்று சொன்னால் போதும்.

பெட்டிக்குப் பதிலாக நான் ஒரே கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறேன்: ‘நீ சொல்ற அந்த நேரம் முடிஞ்சிருச்சா, இன்னும் ஓடுதா?’ இதற்குப் பொருத்தமான சொல் ‘திஸ் மார்னிங்’. அநேகமாக அது பெட்டியிலேயே இருக்காது. காலை பத்து மணிக்கு ‘ஐ ஹேவ் சீன் ஹர் திஸ் மார்னிங்’ சரி. மாலை நான்கு மணிக்கு அதே ‘திஸ் மார்னிங்’ வந்தாலும் ‘ஐ சா ஹர்’ என்றுதான் எழுத வேண்டும். சொல் மாறவில்லை, கடிகாரம்தான் நகர்ந்திருக்கிறது. அடுத்த பாடத்தில் வெண்பலகையில் இரண்டு கடிகாரம் வரைந்து, ஒரே வாக்கியத்தை இரண்டுக்கும் எழுதச் சொல்லிப் பாருங்கள். யார் பெட்டியை நம்பி இரண்டுக்கும் ‘ஹேவ்’ போடுகிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும்.