சோம்பல் மதிப்பீடும் மறைந்துள்ள செலவும்

ஜோன் ஹியூஸ் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை, சார்புநிலைச் செய்நிரலாக்கத்தின் பெருமையை நிறுவ முயன்ற முக்கிய ஆக்கமாகும். ஒரு பெறுமானத்தைத் தேவை எழும்வரை கணிக்காது விடும் சோம்பல் மதிப்பீடு, செய்நிரலின் கூறுகளைத் தனித்தனியே எழுதிப் பின் இணைக்க வழிசெய்கின்றது என்பது அவரது வாதம். முடிவற்ற பட்டியலை ஒரு கூறு ஆக்க, வேண்டியவற்றை மட்டும் பிறிதொரு கூறு எடுத்துக்கொள்ளலாம். 1990இல் வரையறுக்கப்பெற்ற ஹஸ்கெல் மொழி இம்முறையையே அடிப்படையாகக் கொண்டது. இச்சாதனையை நாம் மறுக்கவில்லை.

ஆயின் நடைமுறை வேறொரு வினாவை எழுப்புகின்றது. 1 முதல் 10 இலட்சம் வரையான எண்களை அம்மொழியின் 'ஃபோல்ட்-எல்' என்னும் சார்பினாற் கூட்டுவதாகக் கொள்வோம். தொகுப்பி செம்மைப்படுத்தாதவிடத்து, கூட்டல் உடனே நிகழ்வதில்லை. பின்னர் கூட்டுவதற்கான 10 இலட்சம் ஒத்திவைப்புகளே நினைவகத்திற் குவிகின்றன. விடை சரியானதே, அதற்கான செலவோ செய்நிரலின் எழுத்தில் வெளித்தெரிவதில்லை.

உடனுக்குடன் கூட்டும் மாற்றுச் சார்பு, 2024இல் வெளிவந்த ஜி.எச்.சி. 9.10 பதிப்பிலேயே இயல்பாகக் கிடைக்கும் அடிப்படைத் தொகுதியிற் சேர்க்கப்பட்டது. தூய்மை விடைக்கு உத்தரவாதமளிக்கின்றது, செலவுக்கு அன்று. எனவே, 'எப்போது கணிக்கப்படும்?' என்னும் வினாவைப் பயில்வோரின் அறியாமையென ஒதுக்காது, கோட்பாட்டின் அகத்தே எழும் வினாவாகவே நோக்குதல் வேண்டும்.